அறுபது பேர் ஒரு நாள் வர்றதும் எட்டு பேர் வருஷம் பூரா வர்றதும்: பத்து காவான் தங்கச்சிக்கு பதில்

மலேசியால, பினாங்கு பக்கம் பத்து காவான்ல ஒரு ஃபேக்டரில வேலை செய்யற தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருந்தாங்க. இந்த வருஷம் அவங்கள சி.எஸ்.ஆர், அதாவது கம்பெனி சமூகத்துக்கு செய்யற உதவிய பாத்துக்கற கமிட்டில போட்டுட்டாங்களாம். கையில 15,000 வெள்ளி (ரிங்கிட்) பட்ஜெட், தீபாவளிக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை, ஸ்டாஃப் அறுபது பேர் வருவாங்க, பக்கத்துல ஒரு தமிழ்ப்பள்ளிக்கோ பிள்ளைங்க இல்லத்துக்கோ ஏதாவது செய்யணும், "ஹேம்பர் (பரிசுக் கூடை) குடுத்து போட்டோ எடுத்துட்டு வர்ற மாதிரி இல்லாம உருப்படியா என்ன செய்யலாம்"னு கேள்வி. கூடவே சின்னதா ரெண்டு கேள்வி: எச்.ஆர் எல்லாரும் கண்டிப்பா வரணும்னு சொல்ல முடியுமா, காசு குடுத்தா கம்பெனிக்கு வரியில கழிவு கிடைக்குமா.

நான் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியோட டெஸ்ட் டிபார்ட்மெண்ட்ல ரொம்ப வருஷம் ஓட்டியாச்சு, இப்ப செபராங் பிறை பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியோட வாரியத்துலயும் இருக்கேன். குடுக்கற பக்கமும் தெரியும், வாங்கற பக்கமும் தெரியும். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், டீ போட்டு வெச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல அந்த அறுபது பேர குறைங்க தங்கச்சி. நம்ம ஊர்ல நிறைய தமிழ்ப்பள்ளிங்க மாணவர் குறைவான பள்ளி, அதாவது 150 பேருக்கும் கீழ. எண்பது பிள்ளைங்க படிக்கற பள்ளில அறுபது பெரியவங்க ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுட்டு பஸ்ல வந்து எறங்கினா என்ன நடக்கும்னு நான் சொல்றேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே டீச்சருங்க பாடத்த விட்டுட்டு வரவேற்பு டான்ஸ் ப்ராக்டிஸ் ஆரம்பிச்சுடுவாங்க. பெற்றோர் ஆசிரியர் சங்கத்து அம்மாங்க காலையில நாலு மணிக்கு எழுந்து மீகூன் பெரட்டி நாசி லெமாக் பொட்டலம் கட்டுவாங்க, ஏன்னா விருந்தாளிங்கள பட்டினியா அனுப்ப முடியுமா. கேனோப்பி வாடகை, ஸ்பீக்கர் வாடகை, வாழை மரம், மாலை. தலைமையாசிரியர் பேச்சு, உங்க ஜி.எம் (பொது மேனேஜர்) பேச்சு, பலகை சைஸ்ல ஒரு செக், போட்டோ. அப்புறம் சுவத்துக்கு பெயிண்ட் அடிக்கறோம்னு ஆளுக்கொரு ப்ரஷ், பாதி பேர் ஃபோன்ல. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்து தோட்டக்காரர் சிந்தின பெயிண்ட சுரண்டிக்கிட்டு இருப்பாரு. உங்க ரிப்போர்ட்ல இது கம்பெனி பள்ளிக்கு உதவி செஞ்ச நாள், ஆனா அன்னிக்கு முழுக்க உபசாரம் செஞ்சது யாருன்னு பாத்தா பள்ளிக்கூடம்தான்.

பாஸ் ஏன் அறுபது பேர் கேக்கறாருன்னா அதுக்கும் காரணம் இருக்கு, சும்மா திட்டக்கூடாது. மல்டிநேஷனல் கம்பெனில மேல போற கணக்கு ரெண்டே ரெண்டு, எத்தனை பேர் கலந்துக்கிட்டாங்க, மொத்தம் எத்தனை மணி நேரம். நம்ம லோக்கல் லிஸ்டட் கம்பெனிங்களுக்கும் அப்படித்தான், பங்குச் சந்தையான பர்சா மலேசியா 2006ல சி.எஸ்.ஆர் கட்டமைப்புன்னு ஒண்ணு கொண்டு வந்து சுற்றுச்சூழல், வேலையிடம், சமூகம், சந்தைன்னு நாலு பக்கமா பிரிச்சாங்க, அதுக்கப்புறம் வருஷாந்திர அறிக்கையில என்ன செஞ்சோம்னு காட்டியாகணும்னு ஆச்சு, 2015ல அது நிலைத்தன்மை அறிக்கைன்னு இன்னும் பெருசாச்சு. அறிக்கைக்கு எண்ணும் படமும் வேணும். சரி, எண்ணுதானே வேணும், கணக்கு போடுவோம். அறுபது பேர் நாலு மணி நேரம், 240 மணி நேரம். எட்டு பேர், ஒரு தடவைக்கு மூணு மணி நேரம், வருஷத்துல பத்து தடவை, அதுவும் 240 மணி நேரம்தான். இத ஒரு ஸ்லைடுல போட்டு பாஸ்கிட்ட காட்டுங்க, நேரக் கணக்குல ஒரு நிமிஷம் குறையல. தலைக்கணக்கு மட்டும்தான் குறையும், அதுக்கு பின்னாடி வேற வழி சொல்றேன்.

எட்டு பேருன்னா எந்த எட்டு பேர்? என் அனுபவத்துல மத்த எல்லாத்தையும் விட இதுதான் பெரிய விஷயம். எல்லா கம்பெனிலயும் சி.எஸ்.ஆருக்கு வர்றது ஆபீஸ் ஆளுங்க. எச்.ஆர், ஃபைனான்ஸ், கொள்முதல், கொஞ்சம் எஞ்சினியருங்க. லைன்ல நிக்கற டெக்னீஷியனும் ஆபரேட்டரும் வர மாட்டாங்க, வர முடியாது, பன்னண்டு மணி நேர ஷிஃப்ட், லைன் நிக்கக்கூடாது, சூப்பர்வைசர் விட மாட்டாரு. ஆனா தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்கு ரொம்ப தேவையான ஆளு அந்த டெக்னீஷியன்தான்.

ஒரு தடவை எங்க பள்ளிக்கு ஒரு டெக்னீஷியன் தம்பி வந்தாரு, நிபோங் தெபால் பக்கம் தோட்டத்துல பொறந்து வளர்ந்தவரு. பவர்பாயிண்ட் எதுவும் கிடையாது. வகுப்பு மூலையில கெட்டுப்போய் கெடந்த டேபிள் ஃபேன எடுத்து அஞ்சாம் வகுப்பு மேசை மேல வெச்சாரு. பிளக் கழட்டி இருக்கான்னு முதல்ல பிள்ளைங்களயே பாக்கச் சொன்னாரு, அப்புறம்தான் ஸ்க்ரூட்ரைவர் எடுத்தாரு. மல்டிமீட்டர் ஒயர் ரெண்டையும் ஒண்ணா தொட வெச்சு பீப்னு சத்தம் வந்ததும் பிள்ளைங்க எல்லாம் மேசைய சுத்தி நெருங்கிடுச்சு. காயில்ல வெச்சாரு, ஓடுது. கப்பாசிட்டர கழட்டி காட்டினாரு, கருப்பா சின்ன பெட்டி மாதிரி, ஓரத்துல உப்பியிருக்கு. "இது ஒண்ணுதான் போயிருக்கு, சில வெள்ளி சாமான், இதுக்காக ஃபேன தூக்கிப் போட்டீங்களே"ன்னாரு. பையில கொண்டு வந்திருந்த புதுச போட்டு சுத்த விட்டாரு. அதுக்கப்புறம் பிள்ளைங்க கேட்ட கேள்வி இருக்கே, எந்த மோட்டிவேஷன் ஸ்பீக்கர்கிட்டயும் கேக்க மாட்டாங்க. அண்ணே நீங்க எந்த ஸ்கூல், இங்கிலீஷ் தெரியாம எப்படி வேலை கிடைச்சுது, ராத்திரி ஷிஃப்ட்ல தூக்கம் வராதா, ஓ.டி எவ்ளோ வரும். அவரு எல்லாத்துக்கும் ஒளிவு மறைவு இல்லாம பதில் சொன்னாரு, அஞ்சாம் படிவத்துல எழுதற எஸ்.பி.எம் பரீட்சையில கணக்குல மார்க் கம்மியா வாங்கினது உட்பட. மலேசிய திறன் சான்றிதழ் மூணாவது லெவல் எடுத்து உள்ள வந்து, வேலை செஞ்சுக்கிட்டே டிப்ளோமா முடிச்சதையும் சொன்னாரு. வொக்கேஷனல் காலேஜ், பாலிடெக்னிக், ஐ.எல்.பின்னு சொல்ற தொழிற்பயிற்சிக் கழகம் இதெல்லாம் எங்க இருக்கு, எதுக்கு எப்ப விண்ணப்பிக்கணும், இண்டர்வியூல எந்த சான்றிதழ முதல்ல பாப்பாங்கன்னு ஒரு டெக்னீஷியனுக்கு தெரியற மாதிரி டீச்சருக்கும் தெரியாது, ஜி.எம்முக்கு தெரியவே தெரியாது.

சோ உங்க கமிட்டி செய்ய வேண்டிய கஷ்டமான வேலை இங்கதான் இருக்கு, புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்ட போய் மாசத்துக்கு ரெண்டு டெக்னீஷியன சம்பளத்தோட அரை நாள் விடுவீங்களான்னு கேக்கறது. ஹேம்பர் வாங்கறது சுலபம், இது சுலபம் இல்ல, சண்டை வரும். 15,000 வெள்ளில ஒரு பகுதி அந்த ரெண்டு பேருக்கு பதிலா நிக்கற ஆளோட ஓ.டிக்கு போனாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். வெளியில பாக்க இது நன்கொடை மாதிரி தெரியாது, ஆனா பள்ளிக்கு போய் சேர்றது இதுதான்.

இப்ப எச்.ஆர் கட்டாயப்படுத்தலாமாங்கற கேள்வி. வேலைவாய்ப்புச் சட்டம் 1955ல வாரத்துக்கு ஒரு ஓய்வு நாள் குடுத்தாகணும், ஷிஃப்ட் வேலை, அவசர நிலைமை மாதிரி சட்டமே சொல்ற விதிவிலக்கு தவிர ஓய்வு நாள்ல வேலைக்கு வான்னு யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. மாசம் 4,000 வெள்ளி வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு ஓய்வு நாள்ல வேலை வாங்கினா கூடுதல் சம்பளம் குடுக்கணும், மாசச் சம்பளக்காரருக்கு வழக்கமான நேரத்துல பாதி வரைக்கும்னா அரை நாள் கூலி, அதுக்கு மேலன்னா ஒரு நாள் கூலி. அந்த 4,000 எல்லை 2023 ஜனவரி 1ல இருந்து. ஒண்ணு கவனிங்க, அஞ்சு நாள் வேலை செய்யற ஆபீஸ்ல சனிக்கிழமை சும்மா லீவு நாளா இருக்கும், சட்டப்படி ஓய்வு நாள் ஞாயிறா இருக்கும், உங்க ஆஃபர் லெட்டர்ல எப்படி போட்டிருக்குன்னு பாருங்க. வாலண்டியர் லீவுன்னு சட்டத்துல ஒண்ணும் கிடையாது, கம்பெனி தானா குடுத்தாதான். சில அமெரிக்க கம்பெனிங்க தாராளமா குடுக்கறாங்க, சேல்ஸ்ஃபோர்ஸ்ல வருஷத்துக்கு ஏழு நாள் சம்பளத்தோட. என் கருத்து என்னன்னா கட்டாயம், கே.பி.ஐல, அதாவது வேலை மதிப்பெண்ணுல சேக்கறேன்னு சொன்ன நிமிஷமே அது வேலை ஆயிடுது, வேலைன்னா வேலை நேரத்துல வெச்சுக்கோங்க. இல்ல சனிக்கிழமைதான்னா வர்றவங்க வரட்டும், வராதவங்ககிட்ட மூஞ்சி காட்டாதீங்க. வீட்ல வயசான அம்மாவ பாத்துக்கிட்டு இருக்கறவங்க, சனிக்கிழமை டியூஷனுக்கு பிள்ளைய ஏத்திட்டு போறவங்க எல்லாம் இருக்காங்க. அப்புறம் வெளியில நடக்கற நிகழ்ச்சில யாராவது ஏணியில இருந்து விழுந்தா எந்த இன்சூரன்ஸ் பாக்கும்னு எச்.ஆர்கிட்ட முன்கூட்டியே எழுத்துல வாங்கிடுங்க, சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) பாத்துக்கும்னு வாயால சொல்றத நம்பி ஆள ஏணில ஏத்தாதீங்க.

கொஞ்சம் விலகிப் போறேன், பொறுத்துக்கோங்க. கம்பெனி பள்ளிக்கு உதவறதுங்கறது நம்ம சனத்துக்கு புதுசு இல்ல. 1923 தொழிலாளர் சட்டத்துல பள்ளி வயசுல பத்து பிள்ளைங்களோ அதுக்கு மேலயோ இருந்தா தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வெக்கணும்னு இருந்துச்சு. வெச்சாங்க, எப்படி வெச்சாங்க? ஒரு கொட்டகை, பாடம் சொல்லிக் குடுக்க நிறைய எடத்துல கங்காணியோ கிராணியோ (குமாஸ்தா), கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு யாராச்சும். லயத்து வீடு கம்பெனியோடது, பிள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டகை கம்பெனியோடது, கோயில் நிலம் கம்பெனியோடது, கள்ளுக்கடையும் அங்கேயே. சட்டத்துக்கு கணக்கு காட்ட வெச்ச பள்ளிக்கூடம், பிள்ளை மேல வந்துடணும்னு வெச்சது இல்ல. இன்னிக்கும் நிறைய தமிழ்ப்பள்ளி பகுதி உதவி பெறும் பள்ளியா இருக்கறதுக்கு வேர் அங்கதான், நிலம் அரசாங்கத்தோடது இல்ல, தோட்டத்தோடதோ கோயிலோடதோ. டீச்சர் சம்பளம் அரசாங்கம் குடுக்கும், கட்டடம் ஒழுகினா வாரியமும் பெற்றோரும்தான் கைய நீட்டணும். உங்க ஃபேக்டரி நிக்கற பத்து காவானே கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் தோட்டம்தானே. அதனால உங்க ஆளுங்க போய் பேசும்போது வயசான சில பேரு கைய கட்டிக்கிட்டு பாத்துக்கிட்டு இருந்தா நன்றி இல்லாத சனம்னு நினைக்காதீங்க, கம்பெனி குடுக்கற பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்னு அவங்க ஒரு தடவை பாத்தவங்க.

நல்ல கதையும் நம்ம பினாங்குலயே இருக்கு. 1972ல பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் ஆரம்பிச்சப்ப வந்த கம்பெனிங்கள எட்டு சாமுராய்னு சொல்வாங்க, இன்டெல், ஏ.எம்.டி, எச்.பி, போஷ், ஹிட்டாச்சி, கிளாரியன், நேஷனல் செமிகண்டக்டர், லிட்ரோனிக்ஸ். கொஞ்ச வருஷம் கழிச்சு எல்லாருக்கும் ஒரே தலைவலி, திறமையான ஆள் பத்தல. 1989ல அரசாங்கம், கல்வித்துறை, ஃபேக்டரிங்க எல்லாம் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் ஆரம்பிச்சாங்க, நம்ம ஆளுங்க பி.எஸ்.டி.சின்னு சொல்ற எடம். போட்டிக் கம்பெனிங்களே ஒரே கூரையில ஆள் பழக்கினாங்க. எத்தனையோ நம்ம பசங்க, எஸ்.பி.எம் முடிச்சு வழி தெரியாம நின்னவங்க, அதுல போய் வந்து வாழ்க்கைய நிமித்திக்கிட்டாங்க. அது தர்மத்துக்கு ஆரம்பிச்சது இல்ல, ஆள் வேணும்னு ஆரம்பிச்சது, அதனாலதான் பட்ஜெட் வெட்டற வருஷத்துலயும் நின்னுச்சு. உங்க கம்பெனிக்கும் இதையே சொல்லுங்க, இன்னும் பத்து வருஷத்துல உங்க லைனுக்கு வரப்போற டெக்னீஷியன் இன்னிக்கு பக்கத்து பள்ளில நாலாம் வகுப்பு. பாஸுக்கு புரியற பாஷை இது.

இன்டெல்ல இன்னொண்ணு இருந்துச்சு, கேட்டு வெச்சுக்கோங்க. ஊழியர் ஒரு பள்ளிலயோ அமைப்புலயோ வாலண்டியரா செய்யற மணி நேரத்துக்கு ஏத்த மாதிரி அவங்க அறக்கட்டளை அந்த எடத்துக்கே காசு குடுக்கற திட்டம். 2008ல கம்பெனியோட 40ஆவது வருஷத்துக்கு உலகம் பூரா ஊழியருங்க பத்து லட்சம் மணி நேரத்துக்கு மேல செஞ்சாங்க. இந்த மாதிரி மணி நேரத்துக்கு காசு, இல்லன்னா ஊழியர் குடுக்கற நன்கொடைக்கு ஈடா கம்பெனியும் குடுக்கறதுங்கற திட்டம் நிறைய அமெரிக்க கம்பெனில இருக்கு, ஈடு குடுக்கற பழக்கத்த 1954லயே ஜெனரல் எலெக்ட்ரிக் ஆரம்பிச்சாச்சு. பிரச்சனை என்னன்னா ஹெட் ஆபீஸ் இண்ட்ராநெட்ல எங்கயோ ஒரு மூலையில கெடக்கும், இங்க உள்ளவங்க யாரும் தேடிப் பாக்கறது இல்ல. நாளைக்கே தேடுங்க. உங்க எட்டு பேரோட 240 மணி நேரமும் பள்ளிக்கு காசா வரலாம், 15,000 வெள்ளிய தொடாமலே.

இனி பள்ளிக்கு என்ன வேணும்னு பாப்போம். ஸ்டோர் ரூம திறந்து காட்டச் சொல்லுங்க, கெஞ்சியாவது கேளுங்க. எங்க பள்ளி ஸ்டோர்ல ஒரு கம்பெனி குடுத்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி பிரிக்காம இருக்கு, ஹார்ட் டிஸ்க் கழட்டிட்டு குடுத்துட்டாங்க, திரும்ப போட காசு இல்ல. அதுக்குப் பக்கத்துல ரோபோட்டிக்ஸ் கிட், அத சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச டீச்சர் மாற்றலாகி போயிட்டாங்க, பேட்டரி கசிஞ்சு பச்சையா பூத்திருக்கு. தைலம், பென்சில் பாக்ஸ், லோகோ போட்ட தண்ணி போத்தல் எல்லாம் இருக்கு. பள்ளிக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது, சொன்னா அடுத்த வருஷம் வர மாட்டாங்கன்னு பயம். அதனால நீங்க என்ன வேணும்னு கேட்டா ஸ்மார்ட் டி.வின்னுதான் பதில் வரும், ஏன்னா பக்கத்து பள்ளிக்கு வந்துருச்சு. நான் சொல்றேன், போன வருஷம் வந்ததுல எதைத் தினமும் பயன்படுத்தறீங்க, எது பூட்டிக் கெடக்குன்னு கேளுங்க, அந்த பதில்ல எல்லாம் தெரிஞ்சுடும்.

முன்னாடி ஒரு காலம் கம்பெனிங்களுக்கு வேலை சுலபம், ஆறாம் வகுப்பு பரீட்சையான யு.பி.எஸ்.ஆருக்கு நடத்தற பட்டறைக்கு ஸ்பான்சர் பண்ணிடுவாங்க, 7ஏ எடுத்த பிள்ளைங்களுக்கு பரிசு, 2016ல பாடத்தாள் மாறினப்புறம் 8ஏ, பேப்பர்ல படம். 2021ல யு.பி.எஸ்.ஆர எடுத்தாச்சு. அதோட நிறைய ஸ்பான்சருங்க காணாம போயிட்டாங்க, காட்டறதுக்கு ஏ எண்ணிக்கை இல்லையே. உள்ளபடி இப்பதான் உதவி தேவை அதிகம். ரெண்டாம் மூணாம் வகுப்புல படிக்கத் தடுமாறற பிள்ளைங்கள முன்னாடி யு.பி.எஸ்.ஆர் பயத்துல ஆறாம் வகுப்புலயாவது தூக்கி நிறுத்துவாங்க, இப்ப அந்த பயமும் இல்ல, இடைநிலைப்பள்ளிக்கு போய் மலாய் பாடம் புரியாம பின் பெஞ்சுல உக்காந்துடறாங்க. வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பிள்ளைய பக்கத்துல உக்கார வெச்சு மலாய் கதைப் புத்தகம் வாசிக்க வெக்கற வேலைக்கு பெரிய படிப்பு எதுவும் வேணாம், பொறுமையும் அடுத்த வாரமும் வர்ற ஆளும் வேணும். உங்க ஆபீஸ்ல உள்ள மலாய்க்கார நண்பருங்கள, சீன நண்பருங்கள இதுக்கு கூப்பிடுங்க, சந்தோஷமா வருவாங்க, தமிழ்ப்பள்ளிக்கு தமிழங்கதான் போகணும்னு எந்த சட்டமும் இல்ல.

பள்ளிக்குள்ள போக தலைமையாசிரியர் சரின்னா மட்டும் போதாது, வெளியாளுங்க நடத்தற நிகழ்ச்சிக்கு மாவட்டக் கல்வி இலாகா அனுமதி கேப்பாங்க, கடிதம் முன்கூட்டியே போடணும், கடைசி வாரத்துல ஓடினா தலைமையாசிரியருக்குத்தான் சங்கடம். ஒரு பிள்ளையோட ஒரு பெரியவர் தனியா அறையில இருக்கக்கூடாது, எப்பவும் ரெண்டு பெரியவங்க, கதவு திறந்து இருக்கணும். போட்டோக்கு பெற்றோர் சம்மதம், அதுவும் மூஞ்சியும் பேரும் பள்ளியும் சேர்ந்து லிங்க்ட்இன்ல போடாதீங்க. இதுக்கு மேல விளக்கம் தேவையில்லைன்னு நினைக்கறேன்.

பிள்ளைங்க இல்லம் பத்தி கேட்டிருந்தீங்க. முதல் கேள்வி, சமூக நலத்துறையில பதிவு இருக்கா. பராமரிப்பு மையச் சட்டம் 1993 படி பதிவு கட்டாயம், நம்ம ஊர்ல மனசு நல்லா இருந்தா போதும்னு பதிவில்லாம நடத்தறவங்களும் இருக்காங்க, பிள்ளைங்க பேர சொல்லி வசூல் பண்றவங்களும் இருக்காங்க, ரெண்டும் வெளியில பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். சான்றிதழ் காட்டச் சொன்னா கோவிச்சுக்கற எடத்துக்கு போகாதீங்க. ரெண்டாவது, தீபாவளிக்கு போகாதீங்க. அந்த மாசம் பிள்ளைங்க ஒரே வாரத்துல மூணு நாலு பிரியாணி சாப்பிட்டு, ஒவ்வொரு கம்பெனிக்கும் அதே பாட்டு பாடி, கை கூப்பி அண்ணா அக்கா நன்றின்னு சொல்லி அலுத்துப் போயிருக்கும். அரிசி மூட்டை வெக்க எடம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்ல ஃபோன் பண்ணிப் பாருங்க, பள்ளி பஸ் காசு கட்ட முடியாம இருப்பாங்க. போய் சும்மா விளையாடிட்டு கட்டிப்பிடிச்சுட்டு வர்ற வேலையும் வேணாம், அந்த பிள்ளைங்களுக்கு வந்து வந்து போறவங்க ஏற்கெனவே அதிகம். அதுக்கு பதிலா உங்க ஃபெசிலிட்டி டீம கூட்டிட்டு போய் வயரிங், தண்ணி டேங்க், தீயணைப்பு உருளையில தேதி முடிஞ்சுதா இல்லையான்னு பாத்து சரி பண்ணிக் குடுங்க. 2017 நவம்பர்ல பினாங்குல வந்த வெள்ளம் ஞாபகம் இருக்கும். சாப்பாடு பொட்டலமும் போர்வையும் வந்து குவிஞ்சுது, நல்லதுதான், ஆனா தண்ணி வடிஞ்ச பிறகு ஜனங்க தேடினது சேறு புகுந்த வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ திறந்து பாத்து இது தேறும் இது தேறாதுன்னு சொல்ல ஒரு ஆள. ஃபேக்டரில அந்த ஆளுக்கா பஞ்சம்?

ஃபைனான்ஸ் ஆளுங்களுக்கும் வேலை இருக்கு, இத யாரும் சி.எஸ்.ஆரா நினைக்கறதே இல்ல. நம்ம சங்கங்க நிறைய, மகளிர் சங்கம், இளைஞர் மணிமன்றம், கோயில் கமிட்டி, எல்லாம் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டுக் கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள அறிக்கை அனுப்பணும், கணக்கோட. செயலாளர் பெரியவருக்கு ஆன்லைன்ல அத ஏத்தத் தெரியாது, பொருளாளர்கிட்ட ரசீது எல்லாம் மைலோ டின்ல இருக்கும், வருஷம் ஓடிடும். அறிக்கை போகலன்னா பதிவு ஆட்டம் காணும், மானியம் கேட்டா முதல்ல அதத்தான் கேப்பாங்க. எனக்கு தெரிஞ்ச ஒரு அக்கவுண்டண்ட் அக்கா ஒரு சங்கத்துக்கு சாயங்காலத்துல உக்காந்து அந்த டின்ன கொட்டி, மங்கிப்போன ரசீத லைட்டுக்கு நேரா பிடிச்சு படிச்சு, மாசவாரியா அடுக்கி ஒரு எக்செல் பண்ணிக் குடுத்தாங்க. அடுத்த வருஷம் அந்த சங்கம் தன்னாலயே செஞ்சுக்கிச்சு. போட்டோ எடுக்க ஒண்ணுமே இல்ல அதுல, மேசை மேல ரசீதுதான்.

வரி விஷயத்த சுருக்கமா சொல்லிடறேன். இந்தியால மாதிரி லாபத்துல 2 சதவீதம் சமூகத்துக்கு செலவு பண்ணியே ஆகணும்னு இங்க சட்டம் இல்ல, அது அங்க 2013 கம்பெனிச் சட்டத்துல பெரிய கம்பெனிங்களுக்கு வந்தது, வாட்ஸ்அப்ல நம்ம ஊர் சட்டம்னு யாராச்சும் அனுப்பினா நம்பாதீங்க. இங்க வருமான வரிச் சட்டம் 1967ல 44(6) பிரிவு, அங்கீகாரம் வாங்கின அமைப்புக்கு குடுக்கற பணத்துக்கு கழிவு உண்டு, கம்பெனிக்கு மொத்த வருமானத்துல 10 சதவீதம் வரைக்கும். பணத்துக்குத்தான், பிஸ்கட் டின்னுக்கும் பழைய மேசைக்கும் இல்ல. உள்நாட்டு வருமான வரி வாரியத்தோட அங்கீகாரக் கடிதம் இருக்கான்னு கேளுங்க, ரசீதுல அந்த விவரம் இருக்கணும். 34(6)(எச்)னு இன்னொரு பிரிவு இருக்கு, கல்வி, சுகாதாரம், வீடு, ஏழைங்க வருமானத்த கூட்டறது மாதிரி சமூகத் திட்டச் செலவுக்கு, ஆனா முன்கூட்டியே நிதி அமைச்சு ஒப்புதல் வாங்கணும், 15,000 வெள்ளிக்கு அந்த அலைச்சல் வேணாம். ஆளுங்க குடுக்கற நேரத்துக்கு தனிக் கழிவு கிடையாது, அவங்க சம்பளம் எப்படியும் கம்பெனி செலவுக் கணக்குலதான் போகுது.

தலைக்கணக்குக்கு வழி சொல்றேன்னு சொன்னேன்ல, ரத்ததானம். ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு எழுதினா குழு ஃபேக்டரிக்கே வரும், கேண்டின்ல கட்டில் போட்டா ஷிஃப்ட் ஆளுங்களும் இடைவேளைல வந்து குடுத்துட்டு, கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு லைனுக்கு போயிடலாம், யாரோட சனிக்கிழமையும் கெடாது. பெருநாள் சமயத்துல கையிருப்பு எப்பவும் எறங்கிடும், அதனால தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் ஒட்டி வெச்சா நல்லது. தகுதி இல்லாதவங்க, பயப்படறவங்க பதிவு மேசைல உக்காரட்டும், மைலோ கலக்கட்டும். அறுபது என்ன, நூறு பேரே சேருவாங்க. தைப்பூசத்துக்கு நம்ம ஃபேக்டரி பசங்க தண்ணீர் பந்தல் போடறாங்களே, அதுக்கும் யாரும் சுற்றறிக்கை விடறது இல்ல, ஆளுக்கு கொஞ்சம் காசு போட்டு, லீவு எடுத்து, ராத்திரி பூரா மோர் கலக்கறாங்க, மறுநாள் குப்பைய பொறுக்கறதுல மட்டும் கொஞ்சம் மந்தம், அத நீங்க கமிட்டில இருந்து பாத்துக்கலாம், பை, கையுறை, லாரி வாடகை குடுத்து.

கடைசியா அந்த 15,000. இந்த வருஷத்துக்குள்ள செலவு பண்ணலன்னா ஃபைனான்ஸ் எடுத்துக்கும்னு சொல்வாங்க, தெரிஞ்ச கதைதான். அப்படின்னா தீபாவளி சனிக்கிழமைய விட்டுட்டு, இப்பவே அடுத்த வருஷம் ஆறாம் வகுப்பு பிள்ளைங்க உங்க ஃபேக்டரிக்கு வந்து பாக்க பஸ்ஸுக்கு முன்பணம் கட்டுங்க, பாதுகாப்பு கண்ணாடி சின்ன சைஸ்ல வாங்கி வெங்க, பெரியவங்க கண்ணாடி பிள்ளைங்க மூக்குல நிக்காது. ஒரு டஜன் மல்டிமீட்டர், ஸ்க்ரூட்ரைவர் செட், அத பள்ளில வெக்காம உங்க எட்டு பேர் பொறுப்புல, போகும்போது கொண்டு போய் வரும்போது கொண்டு வாங்க. மிச்சத்த பள்ளில கூரையோ வயரிங்கோ எது அவசரம்னு உங்க ஃபெசிலிட்டி ஆள் பாத்து சொல்றாரோ அதுக்கு கொட்டேஷன் எடுங்க, மூணு எடத்துல. செக்க பெருசா பலகையில அடிக்கணும்னு ஜி.எம் கேட்டா அடிச்சுக் குடுத்துடுங்க, அதுக்கு எண்பது வெள்ளிதான் ஆகும், அதுல போய் சண்டை போட்டு உங்க பலத்த வீணாக்காதீங்க, அந்த பலம் புரொடக்‌ஷன் மேனேஜர்கிட்ட டெக்னீஷியன கேக்கறப்ப வேணும்.